அழகுமுத்து டீ குடிப்பதில்லை

ஆயுதபூசைக்கு மஞ்சள் தண்ணீர் கரைப்பதில் பிரியந்தியை மிஞ்ச அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. அம்மா வேலாயியிடம் பழகிய கை அது. வெறும் மஞ்சளைக் கரைத்தால் குழம்புக்குத்தான் ஆகும், கண்ணூறு கழிய வேண்டுமானால் ஒரு பிடி உப்பும் போட வேண்டும் என்பாள் வேலாயி. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி தொடங்கி ரேடியோப் பெட்டி வரைக்கும் அவர்கள் லயத்து வரிசை வீடுகளில் அந்தத் தண்ணீர் படாத சாமான் இல்லை. தெளித்த மறுநாளும் ரேடியோ பாடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு அந்தப் பெண் என்னத்தைக் கண்டாள்?

அவளுக்கு வேலை ஹட்டனில், பேரின்பநாயகத்தின் கொம்பியூட்டர் கடையில். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கவுன்டரில் உட்காரும் வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். கொழுந்துக்கூடை சுமக்காமல் கைப்பையை மாட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறும் மகளைப் பார்த்து வேலாயிக்குப் பெருமை பிடிபடாது. முதலாளி பேரின்பநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர், முன்னாள் கணக்கு வாத்தியார். தராசு போன்ற மனிதர். அவருக்குக் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

அந்தக் கடைக்கு அழகுமுத்துவை இழுத்துக்கொண்டு வந்தவளே பிரியந்திதான். அவளுடைய லயத்தில் இரண்டு காம்பரா வீடு தள்ளிக் குடியிருப்பவன். மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, ஜனங்களுக்கு விண்ணப்பம், முறைப்பாட்டுக் கடிதம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் டைப் செய்து கொடுப்பது அவன் பிழைப்பு. டைப்ரைட்டரை விற்று, மனைவி அழகம்மாவின் சங்கிலியை அடகு வைத்து, லெப்டொப் வாங்கக் கிளம்பியபோது கண்டிக்குப் போனால் விலை குறையும் என்றார்கள் சிநேகிதர்கள்.

"கண்டிக்காரன்கிட்ட வாங்கிட்டு, ஒடஞ்சா யாரப் போயி கேக்குறது? இங்கனா நம்ம புள்ள இருக்கு" என்றான் அழகுமுத்து.

வாங்கி ஒரு வருடம் முடிவதற்குள் சார்ஜர் குத்துகிற இடம் ஆட்டம் கண்டது. வொரன்டி இருக்கிறதே, பயமென்ன? கொண்டுவந்து கொடுத்தான். வாங்கி வைத்தவள் பிரியந்தி. மூடியைத் திறந்து, விசைகளைத் தட்டி, துடைத்துத்தான் உள்ளே கொடுத்தாள். கடையின் திருத்துநர் லக்ஸ்மன் பிரித்துப் பார்த்து, "சொக்கட் கழண்டு போச்சு. இது கொம்பனிப் பிழைதான், வொரன்டியில செய்யலாம். கொழும்பில இருந்து சாமான் எடுக்க வேணும்" என்று சொல்லிவிட்டு கொழும்புக்கு ரயிலேறினான். விசைப்பலகையைக் கழற்றி வைத்த லெப்டொப், பின்கட்டு மேசையில் வயிற்றைத் திறந்துகொண்டு ஒரு பத்திரிகைத் தாளின் கீழே கிடந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா ஆயுதபூசை வர வேண்டும்?

"பிள்ளை, பூசையை நீ செய். உங்கட ஆக்கள் வடிவாச் செய்வினம்" என்று சொல்லிவிட்டு முதலாளி வாசலில் பூசணிக்காய் உடைக்கப் போய்விட்டார். பிரியந்தி வேப்பிலைக் கொத்தை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கடை முழுக்கத் தெளித்துக்கொண்டே போனாள். கவுன்டர், கதவு, திருப்புளிகள், பெட்டி பிரிக்காத பிரின்டர்கள். பின்கட்டு மேசைக்கு வந்தாள். தாளைத் தூக்கினாள். அழகுமுத்து அண்ணனின் மிஷின் பாவம், சீக்காளி மாதிரி படுத்திருக்கிறதே என்று அவளுக்கு மனசு இளகிவிட்டது. மற்றதற்கெல்லாம் வேப்பிலையால் ஒரு உதறல்தான். இதற்கு மட்டும், "ஆத்தா, அண்ணன் தொழில் பெருகணும்" என்று கும்பிட்டு, கையால் அள்ளி ஒரு கை கூடவே தெளித்தாள். பிறகு தாளைப் பழையபடி மூடி வைத்தாள். பாசம்தான், வேறென்ன? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதையெல்லாம் இப்படி அன்பில்தான் ஆரம்பிக்கிறது.

பூசை விடுமுறை கழிந்து கடை திறந்தது. லக்ஸ்மன் புது சொக்கட்டைப் பொருத்தி, மூடி, சார்ஜரைக் குத்தினான். 'டிக்' என்றது. ஒரு தீய்ந்த வாடை. மறுபடி பிரித்தான்.

"சேர், இஞ்ச வாங்கோ! உள்ளுக்குத் தண்ணி போயிருக்கு. போர்ட் முழுக்கப் பூத்துப்போய்க் கிடக்கு. மஞ்சள் கறை. பிளேன்டீ போல இருக்கு."

"நீ பிரிக்கேக்க காணேல்லையோ?"

"நான் சொக்கட் பக்கம்தானே பார்த்தனான். இவ்வளவு அடியில ஆர் பார்க்கிறது?"

வாசலில் பில் புத்தகத்தோடு நின்ற பிரியந்திக்கு 'மஞ்சள்' என்ற சொல் காதில் விழுந்ததுமே விளங்கிவிட்டது. ஐயோ, நான்தானே! சொல்லியிருக்கலாம். அந்த நிமிசமே சொல்லியிருந்தால் முதலாளி கண்ணாடியைத் துடைத்திருப்பார், லக்ஸ்மன் தலையில் அடித்துக்கொண்டிருப்பான், அத்தோடு போயிருக்கும். ஆனால் அவள் கண்முன் வந்தது கொழுந்துக்கூடை. வேலை போனால் மலையில்தான் ஏற வேண்டும். லயமே கூடி நின்று சிரிக்கும். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று பில் புத்தகத்தைப் புரட்டினாள். அந்தப் 'பிறகு' இருக்கிறதே, அதைப்போல் மோசமான சொல் கிடையாது.

அழகுமுத்து வந்தான். முதலாளி அவனை உட்கார வைத்து, மரியாதையாகத்தான் பேசினார்.

"தம்பி, குறை நினைக்கக்கூடாது. உள்ளுக்கு டீ ஊத்துப்பட்டிருக்கு. தண்ணி பட்டதுக்குக் கொம்பனி வொரன்டி தராது. போர்ட் மாத்த வேணும், அதுக்கு நீங்கள்தான் காசு கட்ட வேணும்."

"டீயா? என்னா சேர் சொல்றீங்க? நான் டீ குடிக்கிறதே இல்லீங்களே!"

லக்ஸ்மன் குபீரென்று சிரித்துவிட்டான். "நல்ல கதை. தேயிலைத் தோட்டத்தில இருந்துகொண்டு டீ குடிக்கிறேல்லையாம்."

அவன் சிரித்ததிலும் தப்பில்லை, கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் அது சத்தியமான உண்மை. சின்ன வயசிலிருந்தே அழகுமுத்துவுக்கு வயிற்றுப்புண். கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் அவனுக்கு மட்டும் சுடுதண்ணீரில் சீனி போட்டுக் கொடுப்பார்கள். பிரியந்தியே எத்தனையோ முறை கொடுத்திருக்கிறாள்.

"புள்ள, நீயே சொல்லேன்" என்று அழகுமுத்து அவள் பக்கம் திரும்பினான்.

"அண்ணன் குடிக்க மாட்டாங்கதான் சேர்" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சரி, இவர் குடிக்கிறேல்ல. வீட்டில பெண்சாதி குடிப்பா. வேலையா இருந்திருப்பா, கை தட்டுப்பட்டிருக்கும். பயத்தில சொல்லாமல் விட்டிருப்பா. இதெல்லாம் நடக்கிறதுதானே, தம்பி" என்றார் முதலாளி. அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார்.

  பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்குவது முழுப் பொய்யைவிடக் கேவலம் என்பது பிரியந்திக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு நின்றாள், பாவி மகள்.

போர்டுக்குக் கட்டக் காசில்லாமல் மஸ்கெலியா அறை பூட்டிக் கிடந்தது. அழகுமுத்து கொந்தராப்புக் கூலிக்குத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டப் போனான். லயத்துக்குச் செய்தி வர எவ்வளவு நேரம் ஆகும்? "லெப்டொப்புக்கு டீ குடுத்த அண்ணே!" என்று பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டு ஓடினார்கள். கொஞ்ச நாளில் அழகம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அக்கரப்பத்தனையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே கோயில் திருவிழா என்றார்கள். பிரியந்தி அதை அப்படியே நம்பினாள். நம்புவது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.

 குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்குக் குறுகுறுப்பு நின்று அறுக்கவே தொடங்கிவிட்டது. காலையில் பஸ் ஏறும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். கடையில் முதலாளி, "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்டதும் பில் புத்தகத்தைத் திறந்துகொள்வாள். திரும்பி வரும்போது, நாளைக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகுமுத்து அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையெல்லாம் வெட்டிய தேயிலை மிலாறுக் குச்சி கிழித்த கோடு.

"நுவரெலியாவுல பாவனையாளர் ஆபீஸ்னு ஒன்னு இருக்காம். கடக்காரங்க ஏமாத்துனா அங்க சொல்லலாமாம். ஊருக்கெல்லாம் முறைப்பாடு எழுதிக் குடுத்த கை, எனக்கு நானே ஒன்னு எழுதிக்கிட்டேன். பேனாவாலதான். வர்ற கிழம விசாரண. ஒன்னையும் கூப்பிடச் சொல்லியிருக்கேன், புள்ள."

"என்னயவா?"

"நீதான மிஷின வாங்கி வச்ச? காஞ்சுதான இருந்துச்சு? அத மட்டும் சொல்லு. காசு கெடச்சாலும் கெடைக்காட்டியும் பரவால்ல. அழகுமுத்து பொய் சொல்லலனு ஒருத்தராச்சும் சொல்லணும்."

"சொல்லாம இருப்பாளா? நம்ம புள்ளய நாமளே சந்தேகப்படலாமா தம்பி?" என்றாள் வேலாயி, மகளின் முகத்தைப் பார்க்காமலே.

மறுநாள் கடையில் முதலாளியும் அதையே சொன்னார். "விசாரணைக்கு நீயும் வர வேணுமாம். பயப்பிடாதை. உண்மையை மட்டும் சொல்லு, பிள்ளை. எங்களிட்டப் பிழையில்லை, கடவுள் பார்த்துக்கொள்ளுவார்." ஒருவராவது பொய் சொல்லச் சொல்லியிருந்தால் அவர் மேல் பழியைப் போட்டிருக்கலாம். இரண்டு பக்கமும் அவளை நம்பி நின்றது.

நுவரெலியா ஆபீஸில் விசாரணை அதிகாரி ரோகினி என்ற பெண். பேச்சைக் கேட்டதுமே யாழ்ப்பாணம் என்று தெரிந்தது. நம்முடைய ஊர்ப் பிள்ளை போல என்று முதலாளியின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி கொஞ்ச நேரம்தான் நின்றது.

"ஐயா, வொரன்டி எண்டுறது நீங்கள் செய்யிற தயவு இல்லை. இவர் காசு குடுத்து வாங்கின சாமானோடு சேர்த்து வாங்கின உரிமை. சாமான் உங்கட கையில வந்த நேரத்தில இருந்து திருப்பிக் குடுக்கிற வரைக்கும் பொறுப்பு உங்களுக்குத்தானே? இவர்தான் டீ ஊத்தினவர் எண்டு சொல்லுறீங்கள். என்னத்தை வைச்சுச் சொல்லுறீங்கள்?"

"கறை கிடந்ததம்மா. என்ர கண்ணால பார்த்தனான்."

"எப்ப பார்த்தனீங்கள்?"

"பூசை விடுமுறை முடிஞ்சு."

"வாங்கேக்க பார்க்கேல்லை. சரி." ரோகினி பிரியந்தி பக்கம் திரும்பினாள். "தங்கச்சி, நீங்கள்தானே வாங்கி வைச்சது? அப்ப எப்பிடி இருந்தது?"

"காஞ்சுதாங்க இருந்துச்சு. நான் தட்டிப் பார்த்தேன். எல்லா கட்டையும் வேல செஞ்சுச்சு."

அழகுமுத்து பெருமூச்சு விட்டான். முதலாளி அவளைத் திரும்பிப் பார்த்தார். இத்தோடு விட்டுவிட மாட்டார்களா என்று பிரியந்தி மாரியம்மனை வேண்டிக்கொண்டாள். வேண்டுதலுக்கும் ஒரு வெட்கம் வேண்டாமா?

"அப்ப தண்ணி கடைக்குள்ளதான் பட்டிருக்க வேணும். விடுமுறைக்கு முதல் அந்த மேசைக்குப் பக்கத்தில ஆராவது போனவையோ? உங்களுக்குத் தெரியுமோ?"

கேள்வி நேராக வந்து நின்றது. ஒதுங்க இடமில்லை. ரோகினி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவசரமில்லாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தாங்க."

"என்ன?"

"நாந்தாங்க போனேன். பூசைக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சேன். உப்பு போட்டது. எல்லாத்துக்கும் கொஞ்சமா தெளிச்சேன், அண்ணன் மிஷினுக்கு மட்டும்..." அதற்கு மேல் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். "நல்லா வரணும்னு கூட ஒரு கை அள்ளித் தெளிச்சேங்க."

பேரின்பநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"அம்மா, பூசை செய்யச் சொன்னது நான்தான். அப்ப பொறுப்பும் என்ரதான்" என்றார் ரோகினியிடம். "போர்ட் மாத்திப் பழைய நிலையில குடுப்பன். சரிவராட்டிப் புதுசு குடுக்கிறன். எழுதுங்கோ, கையெழுத்து வைக்கிறன்." பிறகு எழுந்து நின்று, "தம்பி, உங்கட வீட்டுப் பெண்சாதியைப் பற்றியும் கதைச்சுப்போட்டன். மன்னிக்க வேணும்" என்று அழகுமுத்துவைக் கும்பிட்டார். வாசலில் பிரியந்தியைக் கடந்தபோது, "எனக்குச் சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்று மட்டும் சொன்னார். கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பி, "நாளைக்கு வேலைக்கு வா" என்றார். அடித்து விரட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஹட்டன் பஸ்ஸில் கூட்டம். அவளுக்கும் அழகுமுத்துவுக்கும் ஒரே இருக்கையில்தான் இடம் கிடைத்தது. நானுஓயா தாண்டி, இறக்கத்தில் பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். லிந்துலையில் அவளால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, என்னய ரெண்டு ஏசு ஏசிருங்கண்ணே."

"எதுக்கு? எனக்கு நல்லது நடக்கணும்னுதான தெளிச்ச. அதுக்கு ஏசுனா என் வாயி அழுகிப்போகும்."

அவளுக்கு உயிர் வந்தது. இத்தனை நாள் நெஞ்சிலிருந்த பாறாங்கல் கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. அண்ணன் மன்னித்துவிட்டான், அவ்வளவுதான், எல்லாம் சரியாகிவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒன்னு கேக்குறேன், புள்ள" என்றான் அவன், முகத்தைத் திருப்பாமலே. "அந்தம்மா கேட்டாங்க, சொன்ன. கேக்காட்டி சொல்லியிருப்பியா?"

சொல்லியிருப்பேன் என்று சொல்ல அவள் வாய் எடுத்தாள். வரவில்லை. அவனிடம் இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

"மாட்டேண்ணே."

அவன் தலையை ஆட்டினான். 

"ஒங்க சேரு அன்னைக்கு, வீட்டுல பொண்டாட்டி ஊத்தியிருப்பானு சொன்னாருல்ல? நீ பக்கத்துலதான் நின்ன. மொதல்ல நான் அத நம்பல. ஆனா பயலுக பின்னால கத்திக்கிட்டே வந்தானுக. எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு நா எனக்கும் தோணிருச்சு, இவதான் ஊத்திட்டு மறைக்கிறாளோன்னு. கேட்டேன். இல்லைன்னா. மாரியாத்தா மேல சத்தியம் பண்ணுனா. நான் அடிச்சிட்டேன் புள்ள. கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து அவ மேல கை வச்சதில்ல. சின்னவன் பார்த்துக்கிட்டு நின்னான்."

 திருவிழா, திருவிழா என்று பிரியந்தி தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தது அவ்வளவும் பொடிப்பொடியானது.

பஸ் தலவாக்கலையில் நின்றது. அக்கரப்பத்தனைக்கு இங்கேதான் மாற வேண்டும். அழகுமுத்து எழுந்தான்.

"நானும் வாறேண்ணே" என்று அவளும் பதறி எழுந்தாள். "நான் மதினி கால்ல விழுந்து சொல்றேன். நான் செஞ்சதுதான்னு சொல்றேன்."

"நீ வந்து சொன்னா, நீ செஞ்சது அவளுக்குத் தெரியும்" என்றான் அவன். அவன் குரலில் கோபமே இல்லை. "அவ சத்தியம் பண்ணியும் நான் ஏன் நம்பலன்னு கேப்பா. அதுக்கு நீயா பதில் சொல்லுவ?"

அவன் இறங்கிப் போய் அக்கரப்பத்தனை பஸ் நிற்கும் பக்கமாக நடந்தான். கொண்டக்டர், "ஏம்மா, இறங்குறீங்களா, இருக்கிறீங்களா?" என்று கேட்டார். பிரியந்தி மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.